சொந்தக்காரர் இல்லாத பொருளாளர்

கினாயைத் தெருவின் பொருளாளராக வைத்ததற்கு ஒரே காரணம், அவளுக்குப் பெத்தியோவில் சொந்தக்காரர்கள் இல்லை என்பதுதான். நேர்மை, கணக்கு, சாமர்த்தியம் எல்லாம் அப்புறம். அவையெல்லாம் அவளுக்கு முன்னால் இருந்த ஊரியாமுக்கும் இருந்தன. தச்சு வேலை செய்பவர், ஒரு ஆணியைக்கூட வீணாக்காதவர். ஆனால் தெருவில் பாதிப் பேர் அவருக்கு மாமன், மச்சான், ஒன்றுவிட்ட தம்பி, தம்பி பெண்டாட்டியின் அக்கா.

பெத்தியோ ஊர் இருக்கும் பசிபிக் கடல் தீவான தாராவாவில் சொந்தக்காரர் ஒருவர் வீடு தேடி வந்து, பாயில் உட்கார்ந்து, வாய் திறந்து ஒன்றைக் கேட்டுவிட்டால் அதற்குப் புபுதி என்று பெயர். கேட்டதைக் கொடுத்தாக வேண்டும். இல்லை என்று சொல்லக் கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. சொன்னவர் மறுநாள் எந்த முகத்தோடு தெருவில் நடப்பார் என்பதுதான் கேள்வி. சைக்கிளைக் கேட்டால் சைக்கிள் போகும், பன்றிக்குட்டியைக் கேட்டால் பன்றிக்குட்டி போகும். நாளை நமக்கு ஒன்று வேண்டுமென்றால் நாமும் போய் அதேபோல் உட்காரலாம். இப்படித்தான் இந்தத் தீவில் யாரும் பட்டினி கிடக்காமல் இத்தனை தலைமுறை ஓடியிருக்கிறது.

ஊரியாமின் பொறுப்பில் தெருவின் பொதுக்காசு போடும் பிஸ்கட் டின் இருந்தது. ஒரு தம்பி வந்தான், குழந்தைக்கு முதல் பிறந்தநாள் விருந்து. ஒரு மச்சான் வந்தான், அபையாங் தீவுக்குப் படகுக் கூலி. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் டின்னில் துரு மட்டும் மிச்சம். அவரை யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. கேட்டவர்களும் தெருக்காரர்கள், போட்டவர்களும் தெருக்காரர்கள். ரொம்ப நல்ல மனுஷன் என்றே பேசிக்கொண்டார்கள். அந்த வருடம் கழிவறைகள் நிரம்பி வழிந்தபோதும் பலகை போட்டு நடந்தபடி அதையேதான் சொன்னார்கள்.

அந்த டின் எதற்காக என்று சொல்ல வேண்டும். பெத்தியோவின் பெரிய தெருவில் கடல் தண்ணீரால் கழுவும் சாக்கடைக் குழாய் ஓடுகிறது. சந்துகளுக்குள் அது வராது. வெளித்தீவுகளிலிருந்து ஆட்கள் வந்து வந்து, இரண்டு வீடு இருந்த இடத்தில் எட்டு வீடு ஆகிவிட்டது. குழாய் போடத் தோண்டினால் யாராவது ஒருவருடைய படுக்கையைத் தோண்ட வேண்டும். ஆகவே சந்துக்காரர்களுக்குச் செப்டிக் டேங்க். ஒரு திட்டத்தில் அவற்றை இலவசமாகவே கட்டிக் கொடுத்தார்கள். நல்ல டேங்க். இரண்டு அறை. முதல் அறையில் கனமானது அடியில் படியும், எண்ணெய்ப்பசை மேலே மிதக்கும், நடுவில் இருக்கும் ஓரளவு தெளிந்த நீர் மட்டும் இரண்டாவது அறைக்குப் போய், அங்கிருந்து மண்ணுக்குள் கசியும். பார்க்க ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். ஆனால் உள்ளே இரவும் பகலும் இந்தப் பிரிக்கிற வேலை நடந்துகொண்டே இருக்கும். அடியில் படிந்த சேறு வருடா வருடம் கொஞ்சம் உயரும். அது வெளியேறும் துளையைத் தொட்டுவிட்டால் பிரிப்பதற்கு இடமில்லை, வந்தது வந்தபடியே மண்ணுக்குப் போகும். அதற்கு முன் லாரி வந்து உறிஞ்சியாக வேண்டும். கட்டிக் கொடுத்தவர்கள் கட்டியதோடு போய்விட்டார்கள். உறிஞ்சுவதற்குக் காசு யார் கொடுப்பது என்று அவர்கள் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

லாரிக்கூலியை ஒரு வீடு ஒரேயடியாகக் கொடுக்க முடியாது. ஒரு குடும்பத்தின் ஒரு மாத அரிசி அது. அதனால்தான் டின். சனிக்கிழமை தோறும் வீட்டுக்கு ஒரு சிறு தொகை. சேர்ந்ததும் லாரியைக் கூப்பிட்டு, முறை வைத்து, நிரம்பிய டேங்க்குகளை உறிஞ்சிக்கொள்வது. ஒருவரால் தூக்க முடியாத படகுக்கு எட்டு பேர் தோள் கொடுப்பதுபோல.

ஊரியாமுக்குப் பிறகு தெருப் பெண்கள் மனேயாபாவில் கூடினார்கள். மனேயாபா என்றால் சுவரில்லாத பெரிய கூரை. ஊர்க்காரியம் எல்லாம் அங்கேதான். யாரிடம் டின்னைக் கொடுப்பது என்று பேசி, ஒவ்வொரு பெயராகச் சொல்லி, ஒவ்வொருவரின் சொந்தங்களையும் எண்ணிப் பார்த்துக் கைவிட்டார்கள். கடைசியில் கினாய் பக்கம் எல்லார் தலையும் திரும்பியது. தெற்கே வெகு தொலைவில் உள்ள ஒனோதோவா தீவுக்காரி. புருஷன் சரக்குக் கப்பலில் வேலை, வருடத்தில் பாதி கடலில். சொந்தங்கள் ஒனோதோவாவிலும் ஆக்லாந்திலும். இங்கே அவளிடம் வந்து கேட்க ஒரு நாதியில்லை.

அந்தக் கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து அவள் கொஞ்சம் அழுதாள் என்பது யாருக்கும் தெரியாது. அவர்கள் மரியாதைதான் செய்தார்கள். ஆனாலும் உனக்கு யாருமில்லை என்பதைத்தானே கைதட்டிச் சொன்னார்கள்.

டின்னை அவள் நன்றாகவே காத்தாள். காசு போடாத வீட்டுக்கு லாரி கிடையாது என்று ஒரு விதி வைத்தாள். ஒரு வீட்டுக்குச் சும்மா உறிஞ்சினால் அடுத்த சனிக்கிழமை மூன்று வீடு கையை மூடிக்கொள்ளும் என்பது அவள் கணக்கு. தப்பான கணக்கில்லை. மூன்று வருடமாக டின் நிறைந்தது, லாரி வந்தது, சந்தில் பலகை போட்டு நடக்க வேண்டியிருக்கவில்லை.

ஒரே ஒரு இடத்தைத் தவிர.

தெருவின் கோடியில் பாவுரோவின் நிலம். முன்னால் அவர் வீடு, பின்னால் நான்கு கொட்டகை. வெளித்தீவுகளிலிருந்து வந்த குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். நாலுக்கும் சேர்த்து ஒரே கழிவறை, ஒரே டேங்க். வாடகை கொடுக்கிறோமே, டேங்க்குக்கு நிலக்காரர்தான் போட வேண்டும் என்பார்கள் குடியிருப்பவர்கள். தங்க இடம் கொடுத்ததே பெரிசு, அவரவர் கழித்ததற்கு அவரவர்தான் போட வேண்டும் என்பார் பாவுரோ. இரண்டு பக்கமும் நியாயம்போலவே இருந்ததால் சனிக்கிழமைகளில் யாரும் எதுவும் போடவில்லை. டேங்க் போன வருடமே நிரம்பிவிட்டது.

அங்கே தெராவோய் என்ற பெண் இருந்தாள். சர்க்கரை நோயில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். கழிவறை கால் வைக்க முடியாமல் ஆனபிறகு மற்றவர்கள் விடியும் முன் கடற்கரைக்குப் போனார்கள். தெராவோயும் போனாள். கடல் பின்வாங்கிய நேரத்தில் ஊன்றுகோல் ஈர மணலில் புதையும். பிடுங்கி எடுத்து மறுபடி ஊன்ற வேண்டும். ஒருமுறை அவள் கினாயிடம் வந்து, எங்கள் டேங்க்குக்கு ஒரு லாரி விட முடியுமா என்று கேட்டாள். கினாய் விதியைச் சொன்னாள். தெராவோய் கோபப்படவில்லை.

"நீ சொல்றது நியாயந்தான்," என்றாள். "எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கணும்ல." சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். அவள் திட்டியிருந்தால் கினாய்க்கு அன்றைக்கு நன்றாகத் தூக்கம் வந்திருக்கும்.

இன்னொன்றும் அவளை உறுத்திக்கொண்டிருந்தது. இந்தத் தீவில் ஆறில்லை, ஏரியில்லை. மழைநீர் பவழ மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீர்மேல் எண்ணெய் மாதிரி மிதக்கிறது. எல்லாருடைய கிணறும் அந்த ஒரே மிதக்கும் தண்ணீரைத்தான் தொடுகிறது. பின்னங்கொட்டகை டேங்க்கிலிருந்து வந்தபடியே மண்ணுக்குப் போவது, சனிக்கிழமை தவறாமல் காசு போடும் வீட்டுக் கிணற்றுக்கும் போகும். தண்ணீருக்கு யார் போட்டார்கள், யார் போடவில்லை என்று தெரியாது. விதி தெருவுக்கு மேலே இருந்தது, தண்ணீர் தெருவுக்குக் கீழே இருந்தது. இதை அவள் புரிந்துகொண்டிருந்தாள். ஆனால் என்ன செய்வதென்று புரியவில்லை.

இந்த நிலையில்தான் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலை பார்க்கும் அவள் மகன் யோத்தெபா ஒரு மாலை வந்து உட்கார்ந்தான். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, நான் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன்."

"யாரை?"

"மெயாவை. பாவுரோ மாமா பொண்ணு."

கினாயின் கை அரிசிக்குள்ளேயே நின்றது. அவள் பார்வை தன்பாட்டில் எழுந்து, கூரையிலிருந்து கயிற்றில் தொங்கிய பிஸ்கட் டின்னுக்குப் போனது.

"என்னம்மா, பொண்ணு பிடிக்கலையா?"

"பொண்ணுக்கு என்னடா, தங்கம். அவங்க வீட்டுல மொத்தம் எத்தனை பேரு?"

யோத்தெபா விரல்விட்டு எண்ணத் தொடங்கினான். அப்பா வழியை முடித்து அம்மா வழிக்கு வந்தபோது விரலை மடக்கிக்கொண்டான். "இந்தத் தெருவுல யாரு இல்லைனு எண்ணறது சுலபம்மா," என்றான்.

கல்யாணச் செய்தி மறுநாளே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. வாழ்த்துச் சொல்ல வந்த ஒவ்வொரு பெண்ணும் வாழ்த்தி முடித்ததும் ஒருமுறை மேலே டின்னைப் பார்த்தாள். அந்த வாரமே மனேயாபாவில் கூட்டம். புதிய பொருளாளரைத் தேட வேண்டும். தேடினால் ஆளில்லை. தெரு வளர வளர எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வழியில் சொந்தமாகிப் போயிருந்தார்கள். சீனக் கடைக்காரரிடம் கொடுக்கலாமா என்று ஒருத்தி கேட்டாள். வாரக்கடைசியில் அவர் நம் கடன் பாக்கியைக் கழித்துக்கொண்டு வெறும் டின்னைக் கொடுப்பார் என்றாள் இன்னொருத்தி. பாதிரியாரிடம்? அவரிடம் கேட்பதற்குத்தான் நமக்கு வெட்கமே கிடையாதே என்று சிரித்தார்கள். வங்கியில் போட்டு இரண்டு பேர் கையெழுத்து வைக்கலாம் என்றாள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒருத்தி. அந்த யோசனை எல்லாருக்கும் பிடித்தது, ஊரியாம் வாய் திறக்கும் வரை.

"வங்கியிலயா யாராவது கேட்கறாங்க? ஆள்கிட்டத்தானே கேட்கறாங்க," என்றார் அவர். "முன்ன ஒருத்தன்கிட்ட கேட்டான். இனிமே ரெண்டு பேருகிட்ட போய்க் கேட்பான். பாவம், அவனுக்கு நடைதான் கூடும்."

தூணில் சாய்ந்திருந்த ஊரியாமைப் பார்த்துக் கினாய் கேட்டாள், "அண்ணே, ஒரு தடவையாவது இல்லைனு சொல்லிப் பார்த்தீங்களா?"

"பாத்தேனே. வாயைத் திறந்தேன். 'எவ்வளவு?'னு வந்துச்சு."

கடைசியில், பெரிய கடலேற்றம் வருவதற்கு முன் லாரி வந்து போகும்வரை கினாயே இருக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. வருடத்தில் சில நாள் கடல் மிக உயரும் அந்தப் பெரிய கடலேற்றத்தின்போது கடல் கரையைத் தாண்டி வராவிட்டாலும், மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் எழும். கசிய வேண்டிய நீர் கசிய இடமில்லாமல் டேங்க்குக்கே திரும்பும். நிரம்பிய டேங்க் அன்றைக்கு முற்றத்துக்கு வரும். அதற்குள் உறிஞ்சியாக வேண்டும்.

கினாய் ஒரு தந்திரம் யோசித்தாள். டின்னில் இருப்பதையெல்லாம் லாரிக்காரனிடம் முன்பணமாகக் கொடுத்துவிட்டால்? யார் வந்து கேட்டாலும் காசு இல்லை என்பது உண்மையாகவே உண்மையாக இருக்கும். லாரி வைத்திருந்த கைதாராவைத் தேடித் துறைமுகத்துப் பக்கம் போனாள். லாரி கட்டைமேல் நின்றிருந்தது. பம்புக்கு ஒரு பாகம் பிஜியின் சூவாவிலிருந்து கப்பலில் வர வேண்டும். கைதாரா கையிலிருந்த மசகெண்ணெயைத் துடைத்துக்கொண்டே அவள் சொன்னதைக் கேட்டான். பிறகு தலையாட்டினான், மாட்டேன் என்று.

"அக்கா, வண்டி ஓடாதப்ப என் கையில காசு குடுத்தீங்கன்னா, நாளைக்கு என் மச்சான் வருவான். கேட்பான். குடுத்துருவேன். அப்புறம் டீசலுக்கு நான் யாருகிட்ட போய்க் கேட்கறது, உங்ககிட்டயா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே ஒரு வகை வெட்கமும். தன் தொல்லையைக் கயிறு கட்டி அவன் வீட்டில் தொங்கவிடப் பார்த்திருக்கிறாள்.

கல்யாணம் நடந்தது. அவள் புருஷன் கப்பலிலிருந்து வர முடியவில்லை, தொலைபேசியில் அழுதான். பாவுரோ வீட்டார் மூன்று பன்றி அடித்தார்கள். ஈரப்பலா சுட்டது, சோறு, டின் மாட்டிறைச்சி, வாழை இலையில் வேகவைத்த மீன். ஆட வந்தவர்கள்மேல் வாசனைத் தண்ணீர் தெளித்து, கழுத்தில் பவுடர் கொட்டி, இடுப்பில் காசு சொருகிச் சிரித்தார்கள். பாவுரோ வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து கினாயை அணைத்து, இனிமேல் நீ எங்களுக்குத் தங்கச்சி, நீ அண்ணி, நீ சித்தி என்று சொல்லிப் போனார்கள். மூன்று வருடத்துக்கு முன் அவளை அழவைத்த குறை அன்றோடு தீர்ந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, ஒவ்வோர் அணைப்புக்கும் பயமாகவும் இருந்தது.

தெராவோயும் வந்திருந்தாள். மெயாவின் அம்மாவுக்கு அவள் தூரத்து உறவு. அதனால்தான் அந்தக் கொட்டகையில் இடம் கிடைத்திருந்தது. ஊன்றுகோலைப் பாய்க்கு வெளியே வைத்துவிட்டுக் கினாய் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"இன்னிலேருந்து நானும் உனக்குச் சொந்தம்தான், தெரியுமா?"

"தெரியும்க்கா."

"நான் கேட்டா நீ இல்லைனு சொல்ல முடியாது. நான் என்ன கேட்பேன்னும் உனக்குத் தெரியும்." கினாய் தட்டைப் பார்த்தாள். "பயப்படாதே. நான் கேட்க மாட்டேன். உன்கிட்ட வந்தப்புறம் அந்த டின்னை முதல்ல காலி பண்ணினது ஒத்தைக் கால்காரின்னு பேர் வரவேணாம் பாரு." சொல்லிவிட்டு அவளே சிரித்து, கினாயின் தட்டிலிருந்த இறைச்சித் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு பல நாள் கினாயின் மனதில் அந்தப் பேச்சே ஓடிக்கொண்டிருந்தது. தெராவோயால் கேட்க முடியும், கேட்கவில்லை. மற்றவர்களால் கேட்க முடியும், கேட்பார்கள். இதையே திருப்பித் திருப்பி நினைத்தவளுக்கு ஒரு நாள் துணி உலர்த்தும்போது நினைப்பு இன்னொரு பக்கம் புரண்டது. நான்? நான் யாரிடமும் ஒன்றும் கேட்டதே இல்லையே. கேட்க எனக்கு யாரும் இருந்ததில்லை. கையில் பிழியாத சட்டையோடு அவள் அப்படியே நின்றாள்.

பாவுரோ எதிர்பார்த்தபடியே வந்தார். பிற்பகல், கடல் காற்று ஏறும் நேரம். பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். புகையிலை சுருட்டினார். கினாய் தேங்காய் வெட்டிக் கொடுத்தாள். சூரை மீன் இந்தப் பருவம் வெகுதூரம் போய்விட்டது என்று பேசினார். படகு எஞ்சின் இருமுகிறது, வெளிக்கடலுக்குப் போக முடியவில்லை, பழுதுபார்க்கிறவன் புதுசே வாங்கச் சொல்கிறான் என்று பேசினார். யோத்தெபாவும் மெயாவும் சிரிப்பதைக் கேட்க நன்றாக இருக்கிறது என்றார். பிறகு தேங்காயைக் கீழே வைத்தார்.

"சம்பந்தி, உங்ககிட்ட ஒரு புபுதி. எஞ்சினுக்குக் கொஞ்சம் காசு வேணும். டின்னுல இருக்கறது இருந்தாப் போதும்."

இந்தத் தருணத்தைக் கினாய் நூறுமுறை மனதில் நடத்திப் பார்த்திருந்தாள். டின்னில் இருப்பது என் காசு இல்லை, தெருவின் காசு என்று சொல்லலாம். ஆனால் 'நானும் தெருதானே' என்று பதில் வரும். சொல்லிப் பயனில்லை, சொன்னால் அது மறுப்பு, மறுப்பின் வெட்கம் அவளோடு நிற்காது, மெயா காலையில் தண்ணீர் எடுக்கப் போகும்போது அவள் முகத்திலும் ஒட்டும்.

அவள் எழுந்தாள். கயிற்றை அவிழ்த்து டின்னை இறக்கினாள். அவர் முன்னால் பாயில் வைத்து மூடியைத் திறந்தாள்.

"எடுத்துக்குங்க சம்பந்தி," என்றாள்.

அது நாடகம் இல்லை. அவர் எடுத்தால் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். பம்பின் பாகம் கப்பலில் வந்துகொண்டிருந்தது, கடலேற்றமும் வந்துகொண்டிருந்தது. மூடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பாவுரோ டின்னுக்குள் பார்த்தார். நோட்டுகளைவிடச் சில்லறைதான் அதிகம். சனிக்கிழமைச் சில்லறை. மீன் விற்றவளின் செதில் ஒட்டிய காசு, பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்பிய வியர்வைக் காசு. அவர் கை நீட்டுவதற்குள் கினாய் சொன்னாள்:

"நானும் ஒண்ணு கேட்கணும் சம்பந்தி. இத்தனை வருஷத்துல இந்த ஊர்ல யாருகிட்டயும் கேட்டதில்ல. இப்பத்தான் கேட்க எனக்கு ஆள் கிடைச்சிருக்கு."

பாவுரோ முகம் மலர்ந்தது. தன்னிடம் ஒருவர் கேட்பது யாருக்கும் பெருமைதான். "கேளுங்க, கேளுங்க. என்ன வேணும்? பன்றிக்குட்டியா?"

"உங்க பின்னாடிக் கொட்டகை நாலுக்கும், வாடகையிலேருந்து வாராவாரம் டின்னுக்குப் பங்கு. கொட்டகை அங்க நிக்கற வரைக்கும்."

பாவுரோவின் புகையிலை பாதி வழியில் நின்றது. வேறு யார் இதைச் சொல்லியிருந்தாலும் அவரிடம் பதில் தயாராக இருந்தது, மூன்று வருடமாக மனேயாபாவில் சொல்லிப் பழகிய பதில். ஆனால் அது வாதம் செய்கிறவர்களுக்கான பதில். இவள் வாதம் செய்யவில்லை. சம்பந்தியாக உட்கார்ந்து கேட்டாள். கேட்டதற்கு முன்னால், இவர் கேட்டதைக் கொடுத்தும்விட்டாள். திறந்த டின் இருவருக்கும் நடுவில் இருந்தது.

அவர் கடல் பக்கம் திரும்பினார். கடற்கரைப் பாதையில் தெராவோய் போய்க்கொண்டிருந்தாளா, வெறும் நிழலா தெரியவில்லை. அவர் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுச் சட்டென்று திரும்பிக்கொண்டார்.

"சரி," என்றார். "குடுக்கறேன்."

பிறகு டின்னைப் பார்த்தார். நான் பங்கு போடப்போகும் டின் இது. இதை நான் இன்றைக்கே வெறுமையாக்கினால் லாரி வராது. லாரி வராவிட்டால், என் வாடகைக் காசைப் போட்டு நான் என்ன வாங்கினேன்? மீன் பிடித்து விற்கிறவர் அவர், இந்தக் கணக்கு அவருக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. ஆனால் கேட்டதைத் திரும்ப வாங்கிக்கொள்வதும் வெட்கம்தான். சுருட்டைக் காதில் சொருகிக்கொண்டார்.

"சம்பந்தி, நான் எஞ்சின்னா சொன்னேன்?"

"எஞ்சின்னுதான் சொன்னீங்க."

"வயசாயிடுச்சு பாருங்க. எஞ்சினுக்கு ஒரு ஸ்பார்க் பிளக். அதுக்குத்தான் வந்தேன்."

கினாய் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கெட்டுப்போயிருக்கும். டின்னை மூடினாள். உள்ளே போய், தன் சொந்தப் பையிலிருந்து ஸ்பார்க் பிளக்குக்கு ஆகும் காசை எடுத்து வந்து இரண்டு கையாலும் கொடுத்தாள். அவர் அதை மரியாதையோடு வாங்கிக்கொண்டார்.

அதன்பிறகு எல்லாம் ஒழுங்காகிவிட்டது என்று சொல்ல முடியாது. பாவுரோவின் ஒரு தம்பி, மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக என்று வந்து கேட்டான். கினாய் கொடுத்தாள், அது நிஜத் தேவை. அவனிடமும் ஒன்று கேட்டாள்: லாரி வரும் நாளெல்லாம் சந்துக்குள் குழாயை இழுத்துக் கொடுக்க வேண்டும். இன்னொரு பெண்மணி விருந்துக்குக் கேட்க வந்து, பேச்சுவாக்கில் கினாய் எல்லாரிடமும் திருப்பிக் கேட்கிறாளாமே என்று விசாரித்து, தேங்காய் மட்டும் குடித்துவிட்டுப் போய்விட்டாள். டின் முன்பைப்போல் கனமாக இல்லை. முறையில் இருந்த இரண்டு வீட்டை அடுத்த சுற்றுக்குத் தள்ள வேண்டியிருந்தது, அவர்கள் முணுமுணுத்தார்கள். ஊரியாமிடம் அவள் போய் உட்கார்ந்து ஒரு கைப்பிடிக் கட்டை கேட்டாள், தெராவோய் கழிவறைச் சுவரில் பிடித்துக்கொண்டு எழுவதற்கு. 'எவ்வளவு?' என்பதுபோல் வாயைத் திறந்தவர், இந்தமுறை 'எவ்வளவு உயரம்?' என்று முடித்தார்.

பாகம் வந்து, லாரி ஓடத் தொடங்கியதும், முதலில் எந்த டேங்க் என்று கைதாரா கேட்டான். கினாய் சந்தின் கோடியைக் காட்டினாள். காசு போட்டுப் பழகிய வீட்டுக்காரர்கள் சிலர் வாசலில் நின்று பார்த்தார்கள். ஒருத்தி, இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டேவிட்டாள். கினாய் பாவுரோவின் பின்னங்கொட்டகையிலிருந்து அவள் வீட்டுக் கிணறு வரை காற்றில் கைநீட்டி ஒரு கோடு போட்டுக் காட்டினாள். அவ்வளவுதான். அந்தப் பெண் கிணற்றைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். ஒத்துக்கொண்டாளா என்று தெரியவில்லை.

குழாய் எட்டவில்லை. பாவுரோவின் தம்பியும் கொட்டகை ஆண்களும் இன்னொரு துண்டைப் பூட்டி, வேலிக்கு மேலாகத் தூக்கிப் பிடித்தார்கள். பம்பு உறுமியது. குழாய் மலைப்பாம்பு இரை விழுங்குவதுபோல் தடித்துத் தடித்து நெளிந்தது. தெராவோய் கொட்டகை வாசலில், மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு, கடைசிவரை உட்கார்ந்து பார்த்தாள். கடலேற்றம் அந்த வாரக்கடைசியில் வந்தது. முற்றத்து மணல் ஈரமானது, அதற்குமேல் ஒன்றும் எழும்பவில்லை.

அடுத்த சனிக்கிழமை பாவுரோ தானே வந்தார், கொட்டகைப் பங்கோடு. டின்னுக்குள் போடும் முன் காசைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினார்.

"சம்பந்தி, இந்த வாரம் மீனே இல்லை. பாதி போட்டா ஆகாதா?"

"தாராளமா," என்றாள் கினாய். "நீங்க கேட்டு நான் இல்லைனு சொல்வேனா?" டின்னை அவர் பக்கம் நகர்த்தினாள். "அப்புறம் நானும் உங்ககிட்ட இன்னொண்ணு கேட்கணும்னு இருந்தேன்."

பாவுரோ அவளைப் பார்த்தார். பிறகு முழுக் காசையும் போட்டுவிட்டு, வேகமாக எழுந்து போனார்.